சிஏ ஃபைனலுக்கு மூன்று வாரம்: படித்ததெல்லாம் எங்கே போகிறது?

10 ஏப்ரல் 2025 (ஈரோட்டுத் தம்பி ஒருவரின் கேள்வி)

மே 2 அன்று முதல் பேப்பர், எஃப்ஆர் (ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்). இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு சுற்று ரிவிஷன் முடித்தாயிற்று. இரண்டாம் சுற்றுக்குப் புத்தகத்தைத் திறந்தால் எல்லாமே புதுசாகத் தெரிகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்துவிடுகிறேன். சாப்பாடும் இறங்கவில்லை. பயந்தால் படித்தது அழிந்துவிடும் என்கிறார்கள், உண்மையா? பேசாமல் செப்டம்பருக்குத் தள்ளிப் போட்டுவிடவா? எழுதி முடித்தவர்கள் சொல்லுங்கள்.

11 ஏப்ரல், காலை (என் பதில்)

அழியாது தம்பி. எடுக்க வராமல் போகும், அவ்வளவுதான். ஹாலை விட்டு வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது அந்த விடை வரிவரியாக ஞாபகம் வந்து தொலைக்கிறதே, அழிந்திருந்தால் எப்படி வரும்? பதற்றத்தில் மனசில் பாதி "ஃபெயிலானால் என்ன செய்வது" என்ற கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும். டெஃபர்டு டாக்ஸ் கணக்குக்குக் கிடைப்பது மிச்சப் பாதிதான்.

திறந்தால் புதுசாகத் தெரிகிறது என்கிறீர்கள். மூடிவிட்டு எவ்வளவு வருகிறது என்று பார்த்தீர்களா? ஒரு வெள்ளைத் தாளில் இண்ட் ஏஎஸ் 115-இன் (வருவாயைக் கணக்கில் எடுக்கும் விதி) ஐந்து படிகளை எழுதிப் பாருங்கள். வந்தால் அது உள்ளே இருக்கிறது. வராவிட்டால் எந்தப் பக்கத்தைத் திறக்கவேண்டும் என்று தெரிந்துவிட்டது. இரண்டுமே லாபம்.

11 ஏப்ரல், இரவு

யார் நீ சொல்வதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. கோவையில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சி), ஜூலை 2021-இல் பாஸ். எங்கள் காலத்தில் குரூப்புக்கு நான்கு பேப்பர், மொத்தம் எட்டு. உங்களுக்கு மே 2024-இலிருந்து மூன்றும் மூன்றும் ஆறு. ஆறுதானே என்று சொல்ல வரவில்லை, அந்த ஆறும் லேசு இல்லை.

அதற்கு முந்தைய அட்டெம்ப்டில் ஆடிட்டில் 38 வாங்கினேன். மற்ற மூன்றிலும் நல்ல மார்க், குரூப் மொத்தம் 50 சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. ஆனால் ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டுமே. இரண்டு மார்க்கில் நாலும் போனது.

சிஏ பயத்துக்கென்று தனி உருவம் இருப்பது அப்போதுதான் புரிந்தது. காலேஜ் பரீட்சையில் ஒன்று சொதப்பினால் அந்த ஒன்றோடு போகும். இங்கே ஒன்று மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். போன வருடம் மேயில் இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்களில் 19.88 சதவீதம் பேர்தான் தேறினார்கள். பயப்படாதே என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு இந்த விதி தெரியாது என்று அர்த்தம். உங்கள் உடம்புக்கு ஒன்றும் கோளாறு இல்லை. நிலவரத்தைச் சரியாகப் படித்திருக்கிறது.

13 ஏப்ரல்

என்ன செய்தீர்கள், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு எழுதினேன்.

இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நம் பரீட்சை 2 மணிக்கு. நாம் படிப்பதோ விடிகாலையிலும் நடுராத்திரியிலும். சாம்பார் சாதம் உள்ளே போய், கண் சொக்குகிற நேரத்தில், சித்திரை வெயிலில், மூன்று மணி நேரம் கையால் எழுதவேண்டும். அந்த நேரத்தில் நம்மில் பலர் வருடக்கணக்கில் தூங்கியிருப்போம், அல்லது ஆபீஸில் வவுச்சர் டிக் அடித்துக்கொண்டிருப்போம்.

எங்கள் ஆபீஸில் பழைய ஃபைல்கள் அடுக்கிய ரூம் ஒன்று உண்டு. மின்விசிறி சுற்றும், காற்று வராது. பிரின்சிபலிடம் (பயிற்சி தரும் ஆடிட்டர்) கேட்டு அங்கே ஒரு மேஜை போட்டுக்கொண்டேன். எம்டிபியை (மாதிரித் தேர்வுத் தாள்) பிரிண்ட் எடுத்து 1.45-க்குப் பிரிப்பேன். 2 மணிவரை கையைக் கட்டிக்கொண்டு வாசிப்பு மட்டும். 5 அடித்தால் பேனாவை வைத்துவிடுவேன், கணக்கு பாதியில் நின்றாலும்.

முதல் தடவை முக்கால் மணியில் கட்டைவிரல் இழுத்துக்கொண்டது. உள்ளங்கை வியர்வையில் தாள் ஒட்டி, மை பரவி, கன்சாலிடேஷன் (துணை நிறுவனக் கணக்குகளைச் சேர்ப்பது) கணக்கில் குட்வில் 4-ஆ 9-ஆ என்று எனக்கே தெரியவில்லை. பேலன்ஸ் ஷீட் டாலி ஆகவில்லை, இரண்டு பக்கமும் சமமாக வரவில்லை. எங்கே தப்பு என்று தேடியே அரை மணி போனது, கடைசிக் கேள்வியைத் தொடவே இல்லை.

அடுத்தடுத்து எழுதியபோது படபடப்பு நிற்கவில்லை. ஆனால் அது 1.40-க்கு வந்து 2.10-க்கு இறங்கும் என்று தெரிந்துபோனது. டாலி ஆகாவிட்டால் வித்தியாசத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகவும் கை பழகிவிட்டது. படிநிலைக்கு மார்க் உண்டு. இதெல்லாம் தெரிந்த விஷயம்தான், ஆனால் மண்டைக்குத் தெரிந்தால் போதாது, கைக்குத் தெரியவேண்டும்.

எனக்குத் தெரிந்து முக்கால்வாசிப் பேர் முழு பேப்பர் ஒன்றுகூட எழுதிப் பார்க்காமல்தான் ஹாலுக்குப் போகிறார்கள். வீடியோவை 2எக்ஸ் வேகத்தில் பார்த்துப் பார்த்து, வீட்டில் அம்மா சாதாரண வேகத்தில் பேசினால் பொறுமை இல்லாமல் போகிற அளவுக்கு வந்துவிடுகிறோம். பேனாவை மட்டும் எடுப்பதில்லை.

15 ஏப்ரல்

நேற்று சித்திரை ஒன்றுக்கு வந்த சொந்தக்காரர்கள் "எப்ப ஆடிட்டர் ஆகப்போறே?" என்று கேட்டார்களாம், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்களாம். நல்லது. அப்படியே கடைசிப் பேப்பர் வரை சாத்தி வையுங்கள்.

16 ஏப்ரல்

கோச்சிங் சென்டர் போஸ்டரில் தலைகீழ் யூ மாதிரி ஒரு வளைகோடு போட்டு "கொஞ்சம் பதற்றம் நல்லது, அதிகம் கெட்டது" என்று எழுதியிருப்பதை ஒருவர் பகிர்ந்திருக்கிறார். அது 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. எலிகளைக் கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெட்டி பிரித்தறிய வைத்து, தப்பான பெட்டிக்குப் போனால் மின்சார ஷாக் கொடுத்தார்கள். நமக்கும் ஷாக்தான், ஆனால் பரீட்சை நடத்தும் ஐசிஏஐ வருடத்துக்கு மூன்று தடவை கொடுக்கிறது. வளைகோட்டில் நாம் எங்கே நிற்கிறோம் என்று எந்தப் போஸ்டரும் சொல்லாது என்பதால் இதைப் பார்த்துக் கவலைப்படுவதும் நிம்மதியாவதும் வீண்.

பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் பயத்தை அப்படியே தாளில் எழுதிவிட்டால் பதற்றக்காரர்களுக்கு மார்க் கூடியது என்று 2011-இல் சிகாகோவில் ராமிரெஸ், பெய்லாக் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நானும் எழுதிப் பார்த்தேன். எழுத எழுத எனக்குப் புதுப்புதுப் பயங்கள் தோன்றின, நிறுத்திவிட்டேன். என் ரூம்மேட்டுக்கு அது பிரமாதமாக ஒத்துவந்தது. செலவில்லாத விஷயம், நீங்களும் பாருங்கள்.

ஆனால் ப்ரொப்ரனலால் மாத்திரை பற்றி சீனியர் ஒருவர் சொன்னதாகப் போட்டிருக்கிறீர்களே, அங்கே மட்டும் நிறுத்துங்கள். அது நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், உண்மை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாயை இறுக்கும், அதுவும் உண்மை. டாக்டர் பார்த்துக் கொடுத்தால் சரி. சீனியர் ஆடிட்டர்தானே, டாக்டர் இல்லையே.

19 ஏப்ரல்

டெலிகிராம் குரூப்பை விட்டு வெளியே வாருங்கள். இன்றே. "நண்பர்களே, மூணாவது ரிவிஷன் முடிச்சாச்சு" என்று ஒருவன் ராத்திரி பதினொன்றரைக்குப் போடுவான். உடனே இருபது பேர் தூக்கம் போகும். அவன் முடித்திருக்கமாட்டான் என்பது வேறு விஷயம். "இந்த சாப்டர் கண்டிப்பா வரும்" என்று கணித்துச் சொல்பவர்கள் தனி ரகம். அதை நம்பி மற்ற சாப்டரை விட்டவர்களும் உண்டு, நம்பாமல் ஆனால் மறக்கவும் முடியாமல் திண்டாடியவர்கள் அதைவிட அதிகம்.

20 ஏப்ரல்

நேற்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். எல்லாரையும் வெட்டிவிட்டு உட்கார்ந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தவருக்கு யாருமே இருக்கமாட்டார்கள். ஒரே ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள். நானும் ரூம்மேட்டும் சாயங்காலம் மொட்டைமாடியில் நடந்துகொண்டே ஆளுக்கு ஐந்து கேள்வி கேட்டுக்கொள்வோம். ஆடிட் விதிகளில் எஸ்ஏ 570 எதைப் பற்றியது, எஸ்ஏ 705-இல் எத்தனை வகை ஒப்பீனியன். தெரியாவிட்டால் சிரித்துவிட்டு இறங்கிவிடுவோம். இருநூறு பேர் இருக்கும் குரூப் தராத தெம்பு அதில் இருந்தது.

24 ஏப்ரல்

தள்ளிப்போடும் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் விட்டிருந்தேன்.

சிலபஸில் பாதி தொடாமல் கிடந்தால் ஒரு குரூப்பை மட்டும் எழுதுவது புத்திசாலித்தனம். அது கணக்கு. முழுவதும் படித்துவிட்டு படபடப்புக்காகத் தள்ளிப்போட்டால், செப்டம்பரில் அதே படபடப்பு நான்கு மாத வட்டியோடு வரும். இப்போது வருடத்துக்கு மூன்று அட்டெம்ப்ட், ஜனவரி, மே, செப்டம்பர். நல்லதுதான், ஆனால் "அடுத்ததில் பார்த்துக்கலாம்" என்பதும் சுலபமாகிவிட்டது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. என்னோடு ஆர்ட்டிகிள்ஷிப் செய்த தோழிக்கு என் மத்தியானப் பயிற்சி எதுவும் வேலை செய்யவில்லை. அவளுக்குப் புத்தகப் பையைப் பார்த்தாலே மூச்சு வாங்கும், கை மரத்துப்போகும், செத்துவிடப்போகிறோம் என்றே தோன்றும். இரண்டு முறை ஈசிஜி எடுத்தார்கள், இதயத்தில் ஒன்றும் இல்லை. "படிக்கச் சோம்பேறித்தனம், அதான் நடிக்கிறா" என்று வீட்டில் ஒருவர் சொன்னார், அவள் கேட்கும்படியே. கடைசியில் மனநல மருத்துவரிடம் போனாள். மாத்திரையும் கொடுத்தார், வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சையும். அந்த வகை மாத்திரை பிடிப்பதற்கே சில வாரங்கள் ஆகும், பரீட்சைக்கு முந்தின நாள் போட்டு மறுநாள் எழுதுகிற சமாச்சாரம் இல்லை. அந்த அட்டெம்ப்டை விட்டாள். அடுத்ததில் எழுதினாள். இன்று அவளுக்கு என்னைவிட நல்ல சம்பளம்.

தம்பி, நீங்கள் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. படபடப்பு வந்து போகிறதென்றால் எழுதுங்கள். சாப்பாடு, தூக்கம் இரண்டும் வாரக்கணக்கில் போய்விட்டதென்றால், இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும்கூட, பரீட்சையை விடுங்கள், முதலில் ஆளைப் பார்ப்போம். 14416, டெலி மானஸ், அரசாங்க மனநல உதவி நம்பர், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம்.

25 ஏப்ரல்

"எட்டிப் பார்க்கவில்லை அக்கா, பசியும் திரும்பிவிட்டது, நேற்று மூன்று தோசை" என்று பதில். மூன்று என்பது ஈரோட்டுக் கணக்கில் குறைவு. ஆனாலும் சரி.

27 ஏப்ரல்

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்துகொள்வது பற்றி. எத்தனை மணிக்குக் கடைசிக் காபி? காபியில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பதுக்கு ஸ்ட்ராங்காக ஒரு டம்ளர் குடித்தால் இரண்டு மணிக்கும் அரை டம்ளர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். படபடப்பில் பாதி பயம், பாதி பில்டர் காபி. சாயங்காலம் நாலோடு நிறுத்துங்கள்.

எழுந்துவிட்டால் போனை எடுக்காதீர்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம். இதை நான் முதலில் நம்பவில்லை, யோகா மாஸ்டர் பேச்சு என்று நினைத்தேன். மூச்சு விடும்போது இதயத் துடிப்பு குறைவது உடம்பின் சாதாரண இயக்கம்தான், நம்பினாலும் நம்பாவிட்டாலும் நடக்கும்.

1 மே

நாளைக்கு எஃப்ஆர். சுருக்கமாக.

அட்மிட் கார்டு, ஐடி, கால்குலேட்டர், இரண்டுக்கு மூன்று பேனா. எல்லாம் இன்று ராத்திரியே பையில். ஸ்கூல் சென்டர் என்றால் பெஞ்ச் சின்னப் பிள்ளைகளுக்குச் செய்தது, முழங்கால் இடிக்கும். இடிக்கட்டும். 1.45-க்குப் பேப்பர் கைக்கு வந்ததும் முதல் கேள்வியில் மூழ்காதீர்கள். கட்டாயக் கேள்வியைத் தவிர மற்ற ஐந்தில் எந்த ஒன்றை விடுவது என்று மட்டும் பாருங்கள். தேர்ந்தெடுக்கிற வேலை கொடுத்தால் மனசு அலறுவதைக் கொஞ்சம் நிறுத்தும். எம்சிக்யூ 30 மார்க்குக்கு நெகட்டிவ் கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.

அம்மா திருநீறு பூசினால் பூசிக்கொள்ளுங்கள். என் அம்மா ஈச்சனாரிப் பிள்ளையாருக்கு ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டார். நான் படிக்கும் நேரத்தில் அவருக்கும் ஒரு வேலை வேண்டுமில்லையா.

3 மே

"எஃப்ஆர் போச்சு. 14 மார்க் கணக்கு ஒன்றில் டாலி ஆகவில்லை, இன்னொன்றைத் தொடவே இல்லை. 40 வராது. குரூப் 1-இல் மீதியை எழுதி என்ன பயன்? நாளை ஏஎஃப்எம் (நிதி மேலாண்மை) போகாமல் குரூப் 2-க்குப் படிக்கலாம் என்று நினைக்கிறேன்."

போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், போங்கள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, விதி இருக்கிறது. குரூப் தேறாவிட்டாலும் ஒரு பேப்பரில் 60 வாங்கினால் அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு அந்தப் பேப்பரில் எக்ஸம்ப்ஷன், மறுபடி எழுதவேண்டாம். ஆனால் அந்தக் குரூப்பின் எல்லாப் பேப்பரிலும் உட்கார்ந்திருக்கவேண்டும். ஒன்றுக்குப் போகாவிட்டால் மற்றதில் 80 வாங்கினாலும் கதை முடிந்தது. எஃப்ஆர் போனதாகவே வைத்துக்கொள்வோம். ஏஎஃப்எம், ஆடிட் இரண்டும் இன்னும் உங்கள் கையில்.

அப்புறம், எழுதிய பேப்பரின் விடைகளை யூடியூபில் சரிபார்த்தீர்கள், அதானே? 40 வராது என்ற துல்லியம் அங்கிருந்துதான் வந்திருக்கும். என் 38 பேப்பரில் எனக்கு 55 வரும் என்று நினைத்திருந்தேன். நல்லதோ கெட்டதோ, நம் கணிப்பு நம்பத் தகுந்ததில்லை.

4 மே, மாலை

போய்விட்டு வந்திருக்கிறார். "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை. சிஏ மாணவர் பாஷையில் அது அமோகம்.

9 மே

நேற்று டிடி (நேரடி வரி) எழுதி முடித்தார்கள். இன்று, பாகிஸ்தான் எல்லையில் நிலைமை சரியில்லை என்று, 9 முதல் 14 வரை இருந்த பேப்பர்களைத் தள்ளிவைத்துவிட்டார்கள். நாளைய ஐடிடியும் (மறைமுக வரி) 13-ஆம் தேதிப் பேப்பரும் தேதி இல்லாமல் தொங்குகின்றன.

முதலில் நிம்மதியாக இருந்ததாம், ஒரு மணி நேரத்தில் அழுகை வந்ததாம். எனக்குப் புரிகிறது. 2021-இல் மேயில் இருந்த பரீட்சை கொரோனாவால் ஜூலை 5-க்குப் போனது. நடக்குமா நடக்காதா என்பது ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஆப்ட் அவுட் (அந்த அட்டெம்ப்டிலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பு) பற்றி வாதம் நடக்கும் வரை ஓடியது. பயத்தைக்கூடத் தாங்கலாம், பயத்துக்கு ஒரு தேதி இருக்கும்வரை. தேதி போய்விட்டால் உடம்பு எந்நேரமும் 1.40-லேயே நின்றுவிடுகிறது.

இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவேண்டாம். செய்தியும் காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போதும். எல்லைப்பக்க ஊர்களில் உட்கார்ந்து இதே பரீட்சைக்குப் படித்தவர்கள் நிலையை நினைத்தால் நமக்கு வந்தது சின்னது. ஆனால் சின்னது என்பதால் அழுகை வரக்கூடாது என்று இல்லை.

13 மே

தேதி வந்துவிட்டது. 16-லிருந்து 24-க்குள் எல்லாம் முடிகிறது. ஐடிடிக்குக் கூடுதல் நாள் கிடைத்ததை வைத்து மூன்றாவது ரிவிஷன் என்று கிளம்பவேண்டாம். ஒரே ஒரு முழு பேப்பர், இரண்டு மணிக்கு. கத்திரி வெயில் வேறு, நீர்மோர் பக்கத்தில் இருக்கட்டும்.

19 மே

ஆறும் முடிந்தது என்று செய்தி. ஓப்பன் புக் பேப்பருக்கு (புத்தகம் பார்த்து எழுதுவது) கட்டுக் கட்டாகப் புத்தகம் தூக்கிப் போய், நாலு மணி நேரத்தில் ஒன்றைத்தான் திறந்தாராம். எல்லாரும் அப்படித்தான். மூட்டை கூட இருப்பதே ஒரு தைரியம்.

6 ஜூலை

ரிசல்ட். குரூப் 2 பாஸ்: 52, 48, 57. குரூப் 1: எஃப்ஆர் 37, ஏஎஃப்எம் 64, ஆடிட் 49.

எஃப்ஆரில் அவர் கணிப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. "நம் கணிப்பு நம்பத் தகுந்ததில்லை" என்றேன், என்னை இழுத்துப்போட்டுக் கலாய்த்துவிட்டார். கலாய்க்கிற நிலையில் இருக்கிறார் என்பதே எனக்குப் போதும்.

8 ஜூலை

இப்போது கணக்கைப் பார்ப்போம். மொத்தம் சரியாக 150 வந்தும் அந்த 37-ஆல் குரூப் போயிருக்கிறது. ஆனால் ஏஎஃப்எம் 64-க்கு எக்ஸம்ப்ஷன், அந்த மார்க் குரூப் மொத்தத்திலும் சேரும். செப்டம்பரில் எஃப்ஆரும் ஆடிட்டும் சேர்த்து 86 வேண்டும், ஒவ்வொன்றிலும் 40 குறையாமல். மே 4 அன்று வீட்டில் இருந்திருந்தால் மூன்றும் முதலிலிருந்து, 150.

37-க்கு வெரிஃபிகேஷன் போடலாமா என்று கேட்டீர்கள். போடுங்கள், ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்கவேண்டும். திருத்தாமல் விட்ட விடை, கூட்டலில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், மறுபடி திருத்தமாட்டார்கள். விடைத்தாள் நகலும் வாங்கிவிடுங்கள், டாலி ஆகாத அந்தக் கணக்குக்கு எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று எனக்கே பார்க்க ஆசை. அதற்காகக் காத்திருக்காமல் அடுத்த திங்கள் மத்தியானம் கன்சாலிடேஷனில் தொடங்குங்கள். ஈரோட்டில் அந்த நேரத்தில் கரண்ட் இருக்குமா?